மௌலா என்ற ஒரு சொல்

ஷியா, சுன்னி சண்டை என்று செய்தித்தாளில் படிக்கும்போது, நம்மில் பலர் இது சைவ வைணவப் பூசல் மாதிரி, எந்தத் தெய்வம் பெரிது என்ற வழக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இறைவன் ஒருவன், குர்ஆன் ஒன்று, முகம்மது நபியே இறுதித் தூதர். இதில் இரு தரப்புக்கும் பேதமே கிடையாது. நபிகளுக்குப் பிறகு தலைமை யாருக்கு, அதை முடிவு செய்வது யார் என்பதில்தான் பிணக்கு.

632ஆம் ஆண்டு, மார்ச் மாதம். கடைசி ஹஜ்ஜை முடித்துக்கொண்டு மதீனாவுக்குத் திரும்பும் வழியில், கதீர் கும் என்ற நீர்நிலையருகே நபிகள் கூட்டத்தை நிறுத்தினார். தம் மருமகனும் தந்தையின் சகோதரர் மகனுமான அலியின் கையைப் பிடித்து, நான் யாருக்கு மௌலாவோ அவருக்கு அலியும் மௌலா என்ற கருத்தில் பேசினார். இந்தச் செய்தி சுன்னிகளின் ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே, சொன்னாரா இல்லையா என்பது பெரிய வழக்கில்லை. மௌலா என்றால் என்ன? அரபியில் அதற்குத் தலைவன், எஜமான் என்றும் பொருள். நண்பன், ஆதரவாளன் என்றும் பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதை ‘மேத்ர்’ என்று பெயர்ப்பதா, ‘அமி’ என்று பெயர்ப்பதா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஷியாக்கள் அதை வாரிசு நியமனம் என்கிறார்கள். சுன்னிகள் அலியின் மீது அன்பு வையுங்கள் என்ற அறிவுரை என்கிறார்கள். அரசாணையில் ஒரு சொல் இருபொருள் பட்டாலே ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும். இது பதினான்கு நூற்றாண்டு வழக்கு.

ஏறத்தாழ மூன்று மாதத்தில் நபிகள் காலமானார். அலி முதலான குடும்பத்தார் அடக்கத்துக்கான காரியங்களில் இருந்தபோது, சகீஃபா என்னும் கூரையிட்ட இடத்தில் மதீனாவாசிகள் கூடிவிட்டார்கள். அபூபக்கரும் உமரும் அங்கே விரைந்தார்கள். வாக்குவாதத்துக்குப் பின் அபூபக்கர் தலைவரானார்.

எழுத்தராக இருந்தவனுக்கு அடுத்து நடந்தது விசித்திரமாகத் தோன்றும். ஒரே பதவி, நான்கு நியமனம், நான்கும் நான்கு விதம். அபூபக்கர் கூட்டத்தில் தேர்வானார். 634இல் அவரே உமரை நியமித்துவிட்டுக் கண்மூடினார். 644இல் குத்துப்பட்ட உமர், ஆறு பேர் குழுவிடம் பொறுப்பை விட்டார். அவர்கள் உஸ்மானைத் தேர்ந்தார்கள். 656இல் உஸ்மான் கிளர்ச்சிக்காரர்களால் கொல்லப்பட, மதீனா மக்கள் அலியிடம் வந்தார்கள். விதி எழுதிவைக்கப்படவில்லை, முன்னுதாரணமும் ஒன்றுபோல் இல்லை.

சுன்னிகள் அலியையும் நேர்வழிக் கலீஃபாக்கள் நால்வரில் ஒருவராகப் போற்றுகிறார்கள். ஆகவே சகீஃபாவோடு மட்டும் நின்றிருந்தால் இது அறிஞர்களின் வாதமாகவே போயிருக்கும் என்பது என் எண்ணம். ஆறாத புண் ஆக்கியது கர்பலா. 661இல் அலி கூஃபாவில் கொல்லப்பட்டார். ஆட்சி முஆவியாவிடம் போனது. அவர் தம் மகன் யஸீதை வாரிசாக்கினார். தேர்தலும் இல்லை, குழுவும் இல்லை. கிலாபத் அரச பரம்பரை ஆகிவிட்டது. யஸீதை ஏற்க மறுத்த நபியின் பேரர் ஹுசைன், 680இல் முஹர்ரம் பத்தாம் நாள், கர்பலாவில் தம் சிறு கூட்டத்தோடு வெட்டுண்டார். இன்றும் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஷியாக்கள் முஹர்ரத்தில் துக்கம் காக்கிறார்கள். ஹுசைனுக்காக வருந்தாத சுன்னியும் அரிது.

ஷியா வழியிலும் நியமனம் என்ற ஏற்பாடு சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. 765இல் ஆறாம் இமாம் ஜஅஃபர் சாதிக் மறைந்தபின், எந்த மகன் வாரிசு என்று பிரிந்ததில்தான் இஸ்மாயிலிகள் தோன்றினார்கள். பெரும்பான்மை ஷியாக்களின் பன்னிரண்டாம் இமாம் 874 முதல் மறைந்து வாழ்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. தலைவர் கண்ணுக்குத் தெரியாதபோது கோப்பில் கையெழுத்திடுவது யார்? மார்க்க அறிஞரே ஆளலாம் என்றார் கொமெய்னி. 1979இல் ஈரான் அதைச் சட்டமாக்கியது. அதை ஏற்காத ஷியா அறிஞர்களும் உண்டு.

சுன்னிகளின் கலீஃபா பதவியை, 1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றமே ஒழித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவர் உட்காரவில்லை.