நாங்கள் பார்த்த படங்கள்

"சினிமா பார்த்தால் படிப்புக் கெடும்" என்பார்கள் எங்கள் அப்பாமார். "தொலைக்காட்சி பார்த்தால் கண் கெடும்" என்பார்கள் அம்மாமார். "அளவோடு பாருங்கள், பார்த்த பிறகு யோசியுங்கள்" என்பார் எங்கள் விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர். இம்மூன்றில் எந்தக் கட்சி எங்கள் கட்சி என்று சொல்லவும் வேண்டுமா?

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரவு உணவுக்குப் பின், விடுதி மாணவியர் எல்லாரும் படிப்பறையில் பாய் விரித்து உட்காருவோம். ஆறாம் வகுப்புச் சிறுமிகள் முன்வரிசை. பத்தாம் வகுப்புக்காரிகளாகிய நாங்கள் கடைசியில், சுவரில் சாய்ந்தபடி. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் சிஸ்டர் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதில் உங்களுக்கு யாரைப் பிடித்தது? ஏன்?" "எல்லாரும் நல்லா நடிச்சிருந்தாங்க சிஸ்டர்" என்ற விடை அங்கே செல்லாது. அவ்வாறு இவ்வாண்டு நாங்கள் பார்த்தவற்றைப் பற்றி எங்கள் மனத்தில் பட்டதை இங்கே எழுதுகிறோம். குறை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

ஜூன் மாதம் பார்த்தது 1965-இல் வெளிவந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. ஜூலி ஆண்ட்ரூஸ் பாடிக்கொண்டே மலைமேல் ஓடி வரும்போது சிறுமிகளும் எழுந்து ஓடிவிடுவார்கள் போலிருந்தது. ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்தவர் மரியா அல்லர், மடத்துத் தலைவிதான். ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போன மரியா, தன் மனத்துக்கே பயந்து மடத்துக்கு ஓடிவந்துவிடுகிறாள். தலைவி அவளை அணைத்துக்கொள்கிறார். ஆனால் ஒளிந்துகொள்ள விடவில்லை. மடம் ஒளிந்துகொள்ளும் இடமன்று என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். அன்பு என்றால் தடவிக் கொடுப்பது மட்டுமே என்று எண்ணியிருந்த எங்களுக்கு அது புதிய பாடம்.

இறுதியில் நாஜிகள் துரத்தி வர, இரண்டு கன்னியர் அவர்களுடைய காரின் பாகங்களைக் கழற்றி அங்கிக்குள் மறைத்துக்கொண்டு, பாவம் செய்துவிட்டோம் என்று தலைவியிடம் ஒப்புக்கொள்கிறார்கள். அது திருட்டா, இல்லையா என்று மறுநாள் முழுவதும் வாதாடினோம். அந்தக் காட்சியில் உரக்கச் சிரித்தவர்கள் எங்கள் சிஸ்டர்கள்தாம் என்பதால், இல்லை என்றே தீர்ப்பாயிற்று. ஒரு குறையும் உண்டு. படத்தில் அந்தக் குடும்பம் மலை ஏறித் தப்புகிறது. சால்ஸ்பர்க்கில் அந்த மலையைத் தாண்டினால் போய்ச் சேருவது ஜெர்மனிக்குத்தான்! நிஜக் குடும்பம் 1938-இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனது. வரைபடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஜூலையில் 'மால்குடி டேஸ்'. ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்க, 1986-இல் தூர்தர்ஷனில் வந்த தொடர். கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தார்களாம். ஆனால் அந்தத் தெருவும் திண்ணையும் எங்கள் ஊர்போலவே இருந்தன. புலியோடு போராடிய சிறுவனைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த அப்பா, சுவாமியைத் தனியறையில் படுக்கச் சொல்கிறார். அவன் பயத்தில் நடுங்கி, இருட்டில் அசைந்த ஒரு காலைக் கடித்துவிடுகிறான். அது திருடனின் கால்! ஊரே அவனை வீரன் என்கிறது. அவனோ அன்றிரவும் பாட்டி பக்கத்தில்தான் படுக்கிறான். இந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது. பயந்தவன் ஒரே இரவில் பயம் தெளிந்துவிட்டான் என்று கதை பொய் சொல்லவில்லை.

இதையும் விடுமுறையில் வீட்டில் பார்க்கும் நெடுந்தொடர்களையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே கதவு திறந்தால் ஒவ்வொருவர் முகத்தையும் மூன்று முறை காட்டுகிறார்கள். யார் உள்ளே வந்தது என்று அறிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். எங்களில் ஒருத்தியின் வீட்டில் செபமாலை முடிந்ததும் தொடர் தொடங்கும். நான்காம் தேவ இரகசியத்துக்கு வரும்போது பாட்டியின் செபம் ரயில் வேகம் பிடித்துவிடுமாம். பாட்டி மன்னிப்பாராக!

ஆகஸ்டில் 'காக்கா முட்டை'. மணிகண்டன் இயக்கி 2015-இல் வெளிவந்து, குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம். நிலக்கரி பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்களுக்குப் பீட்சா தின்ன ஆசை. விலையோ ஏறக்குறைய முந்நூறு ரூபாய். காசு சேர்த்துக்கொண்டு போனால் வாசலிலேயே விரட்டுகிறார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனால் அடிக்கிறார்கள். கடைசியில் உபசாரத்தோடு உள்ளே அழைத்துக் கொடுக்கும்போது, ஆயா சுட்ட தோசையே தேவலை என்று தோன்றிவிடுகிறது. எல்லாரும் கை தட்டினோம். ஆனால் எங்களில் ஒருத்தி, "பீட்சா ருசியா இருந்திருந்தா அவங்க ஆசைப்பட்டது தப்பாயிடுமா?" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் விடையில்லை. ஏழைப் பிள்ளைகள் தோசையோடு திருப்தி அடைந்துவிட்டால் நமக்கு நிம்மதியாக இருக்கிறது. அதனால்தான் கை தட்டினோமோ என்று பிறகு தோன்றியது.

செப்டம்பரில் பார்த்த படத்தைப் பற்றி எழுதுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்டு இறுதியில் எங்களில் ஒருத்தியின் புதிய ஜியோமெட்ரி பாக்ஸ் காணாமற் போயிற்று. அதே போன்ற ஒன்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் இருந்ததாக யாரோ சொன்னார்கள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய பெட்டியைத் திறந்தோம். இரண்டு கவுன், அவள் அம்மாவின் படம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குத் தரும் பிஸ்கட் நான்கு பொட்டலம், பிரிக்கப்படாமல். தேடியது இல்லை. ஈரத் தலையோடு அவள் வந்து நின்றாள். "பிஸ்கட் தம்பிக்குக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பாக்ஸ் வேதியியல் கூடத்தில் கிடைத்தது. நாங்கள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பரில் திரையிட்டது மஜித் மஜிதி இயக்கிய 'சில்ரன் ஆஃப் ஹெவன்'. 1997-இல் வந்த ஈரானியப் படம். தங்கை சாராவின் காலணியைத் தைத்து வாங்கி வரும் வழியில் அலி தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் பணமில்லை, அவருக்குத் தெரியக்கூடாது என்று நோட்டில் எழுதி எழுதிப் பேசிக்கொள்கிறார்கள். காலையில் அவள், மதியம் அவன் என்று ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி. அதற்காகவே ஓடி, முதலாவதாக வந்து, அலி அழுகிறான். முதல் பரிசு வாங்கி அழுபவனை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அதைவிட வலித்தது வேறொரு காட்சி. தன் காலணியை இன்னொரு சிறுமியின் காலில் சாரா பார்க்கிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரை பின்தொடர்கிறார்கள். அவளுடைய அப்பாவுக்குக் கண் தெரியாது. ஒரு வார்த்தையும் கேட்காமல் இருவரும் திரும்பிவிடுகிறார்கள். கடைசி வரிசையில் நாங்கள் தாவணியால் முகத்தை மூடி அழுதோம்.

விளக்கு எரிந்தது. சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அலி என்றார்கள் சிலர், சாரா என்றார்கள் பலர். முன்வரிசையில் அந்தச் சிறுமி எழுந்தாள்.

"அந்த ஷூவைப் போட்டிருந்த பொண்ணு, சிஸ்டர்."

"ஏன்?"

"சாராவோட பேனா கீழே விழுந்தது. அவ எடுத்து வச்சிருந்து திருப்பிக் கொடுத்தா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஈரான் நாட்டுச் சிறுமிக்காக அழத் தெரிந்த எங்களுக்கு, பத்து அடி தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் பேசத் தெரியவில்லை. கண்ணீர் விடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை; மன்னிப்புக் கேட்பதற்குத்தான் ஆகிறது.

மறுநாள் திருப்பலி முடிந்து கெபியருகே அவளை நிறுத்தி மன்னிப்புக் கேட்டோம். கால் விரலைப் பார்த்துக்கொண்டே, "பரவால்லக்கா" என்றாள். சற்றுப் பொறுத்து, "இனிமே பெட்டியைக் கேட்டுட்டுத் திறங்கக்கா" என்றாள். சிஸ்டரிடமும் சொன்னோம். தண்டனையும் கிடைத்தது. அது என்னவென்று இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

தோழியரே, நல்ல படம் நம்மை நல்லவர்களாக்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். கெட்ட படம் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் பெற்றோர். எங்கள் அனுபவத்தில், நான்கு நல்ல படைப்புகளைப் பார்த்தும் நாங்கள் தாமாகத் திருந்தவில்லை. ஒரு சிறுமி எழுந்து பேச வேண்டியிருந்தது. ஆகவே படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அப்பா, அம்மா. பார்த்து முடித்ததும் எங்கள் சிஸ்டரைப் போல ஒரு கேள்வி கேளுங்கள். விடை உடனே வராவிட்டாலும் பொறுத்திருங்கள். எங்களுக்கு ஓர் இரவு பிடித்தது.