அடுக்குகளில் ஓர் ஊர்

பணிமாறுதல் ஆணையைக் கையில் ஏந்தி நான் ஜெய்ப்பூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. வரும்போது இரண்டு பெட்டிகளில் நூல்களும், ஒரு சுருளில் பழைய நிழற்படம் ஒன்றின் படியும் கொண்டுவந்தேன். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைக் காட்டும் படம் அது. 1858ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் எடுத்தது. அரண்மனை பின்னாளில் சீரமைக்கப்படுவதற்கு முன்பிருந்த தோற்றத்தை அதில் காணலாம். நான் பிறந்து வளர்ந்த தெரு அவ்வரண்மனைக்கு அருகில்தான் இருக்கிறது. ஊர் நினைவு மிகும் மாலைகளில் அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள், தட்டையான அப்படத்துக்கு ஆழம் தர வேண்டும் என்று தோன்றியது. முன்னிருக்கும் தூணை வெட்டி எடுத்து, சற்று உயர்த்தி ஒட்டினால் தூண் எழுந்து நிற்கும் அல்லவா? அவ்வாறே வெட்டினேன். தூண் வந்தது, ஆனால் தூண் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. ஒரே படியை வெட்டினால் இப்படித்தான் ஆகும் என்பது வெட்டிய பிறகே விளங்கியது.

பிறகு முறையாகக் கற்றேன். ஒரே படத்தைத் தடித்த தாளில் ஐந்து படிகள் எடுக்க வேண்டும். முதற்படி முழுமையாக அடியில் இருக்கும். இரண்டாவதில் வானத்தை மட்டும் நீக்க வேண்டும். மூன்றாவதில் நடுவிலுள்ள கட்டடங்கள், நான்காவதில் முன்னுள்ள தூண்கள், ஐந்தாவதில் மிக அருகில் இருப்பவை என ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அடுக்குகளுக்கிடையே பஞ்சுத்தாள் துண்டுகளை ஒட்டினால் இடைவெளி கிடைக்கும். வெட்டும்போது உள்ளேயுள்ள சிறு துளைகளை முதலில் வெட்டி, வெளிக்கோட்டை இறுதியில் வெட்டுவது நல்லது. வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் தாள் பிடிமானம் இழந்து கிழியும். வளைவுகளில் கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியும். அதே நிறப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் மறையும்.

இக்கலையை எங்கள் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். விருப்பப் பாடமாகத் தமிழ் படிப்போர் பதினொருவர். அனைவருக்கும் மதுரைப் படத்தையே கொடுத்தேன். "நம் ஊரை நாமே கட்டுவோம்" என்றேன். எல்லாரும் ஆர்வமாக வெட்டினார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் இரண்டு அடுக்குகளோடு நிறுத்திவிட்டாள். கை நேர்த்தியானவள், ஆனாலும் மனம் ஒட்டவில்லை.

"ஏனம்மா நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டேன்.

"ஐயா, இது உங்கள் ஊர். நான் என் ஊரைச் செய்யலாமா?"

"உன் ஊர் எது?"

"அப்பாவுக்குத் திண்டுக்கல். எனக்கு ஜெய்ப்பூர்தான் ஐயா."

அவள் பணிவோடுதான் சொன்னாள். எனக்கோ உள்ளுக்குள் சுருக்கென்றது. தமிழ் கற்பிப்பது என்றால் தமிழ்நாட்டை நினைவூட்டுவது என்று எண்ணியிருந்தேன். அவள் தவழ்ந்ததும் நடந்ததும் இம்மண்ணில். கோடை விடுமுறையில் பத்து நாள் பார்க்கும் ஊரை அவள் எப்படி ஏங்குவாள்? என் ஏக்கத்தை அவள் கையில் கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

மறுவாரம், ஹவா மகாலின் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். 1799ஆம் ஆண்டில் சவாய் பிரதாப் சிங் கட்டுவித்த ஐந்தடுக்கு மாளிகை அது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு மலைபோல் தோன்றும். ஆனால் மேலடுக்குகள் ஓர் அறை அளவே ஆழம் கொண்டவை. அதில் 953 சிறு சாளரங்கள் உண்டென்பர். அரண்மனைப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் வீதியைக் காணவும், காற்று உள்ளே வீசவும் அமைந்தவை. சாங்கானேரின் கைத்தாளை அடித்தளமாக வைத்து, அவள் மூன்று வாரம் உழைத்தாள். எல்லாச் சாளரங்களையும் வெட்ட இயலவில்லை. நாற்பதுக்கு மேல் வெட்டினாள். முன்னடுக்கில், பழைய படத்தில் இல்லாத ஒரு கச்சோரி வண்டியைத் தானே வரைந்து நிறுத்தினாள்.

படத்துக்குத் தமிழில் பெயர் வேண்டும் என்றாள். "ஹவா என்றால் காற்று. சாளரத்துக்குத் தமிழில் வேறு பெயர் உண்டா ஐயா?"

"உண்டு. காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் வரும் சொல்" என்றேன்.

அவள் கண்கள் விரிந்தன. "அப்படியானால் ஹவா மகாலுக்காகவே செய்த சொல்போல இருக்கிறதே!" என்றாள். அடியில் 'காலதர் அரண்மனை' என்று அழகாக எழுதினாள். இருபது ஆண்டுகளாக நான் கற்பித்த அச்சொல் அன்றுதான் எனக்கும் முழுமையாகப் பொருள்பட்டது.

சென்ற ஆண்டு அவள் தந்தைக்குத் தமிழ்நாட்டுக்கு மாறுதல் வந்தது. விடைபெற வந்தவளிடம், "ஊருக்குப் போகிறாய், மகிழ்ச்சிதானே?" என்றேன், பழக்கத்தில்.

"ஊரை விட்டுப் போகிறேன் ஐயா" என்றாள். மார்போடு அணைத்திருந்த பெட்டியில் ஹவா மகால் இருந்தது.

என்னைப் போலவே அவளும் இனி ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவாள். மாலைகளில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்ப்பது இவ்வூராக இருக்கும். அதன் அடியில் இருப்பது தமிழாக இருக்கும். ஓர் ஆசிரியனுக்கு இது போதும்.

சிந்தித்து எழுதுக:
1. மாணவியின் விடை ஆசிரியரின் எண்ணத்தை எவ்வாறு மாற்றியது?
2. 'காலதர்' என்னும் சொல் ஹவா மகாலுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
3. நீங்கள் வாழும் ஊரின் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, எவற்றை முன்னடுக்கில் வைப்பீர்கள் என்று பத்து வரிகளில் எழுதுக.