அன்னையிடம் சென்ற தூரம்

டெல்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ரயில்வே குமாஸ்தாவாகிய நான் சற்றும் யோசியாமல் 2,180 கிலோமீட்டர் என்பேன். ஆக்ரா, ஜான்சி, போபால், நாகபுரி, வாரங்கல், விஜயவாடா என்று தண்டவாளம் வளைந்து செல்லும் தூரம் அது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறத்தாழ 33 மணி நேரம். பத்தாண்டுகளாக அந்தக் கணக்கிலேயே ஊருக்குப் போய்வந்தேன். விமானத்தில் செல்வோரைப் பற்றிக் கேள்விப்பட்டால், 'இவர்களுக்கு அப்படி என்ன அவசரமோ!' என்று எண்ணுவதும் உண்டு.

சென்ற ஆவணியில் அந்த அவசரம் எனக்கே வந்தது. ஒரு திங்கட்கிழமை இரவு 11 மணிக்குக் கும்பகோணத்திலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "அம்மாவுக்கு ரொம்ப முடியலைடா, உடனே வா" என்றார். அன்றைய வண்டி போய்விட்டது. மறுநாள் வண்டியில் புறப்பட்டால் வியாழன் நண்பகலுக்கு முன் வீடு சேர இயலாது. எனக்குரிய இலவச பாஸ் அன்று உதவவில்லை. அண்டை வீட்டு நண்பரிடம் கடன் பெற்று, விடியற்காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கினேன்.

விமானத்துக்கு வளைவுகள் குறைவு. ஆகவே வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர்தான். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதற்கு இரண்டேகால் மணி நேரம் போதுமே, சீட்டில் இரண்டே முக்கால் என்று போட்டிருக்கிறார்களே என்று வியந்தேன். ஏறிய பின்னரே விளங்கிற்று. ஓடுபாதைவரை உருண்டு செல்வதும், மெல்ல மேலேறுவதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அந்த அரை மணியில் அடக்கம். நம் வண்டிகள் அவுட்டர் சிக்னலில் நிற்பதைப் போன்றதே இதுவும்.

ஆயினும் என் பயணம் விமானத்தோடு முடியவில்லை. 6 மணி விமானத்துக்காக 3 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தேன். 8.45-க்குச் சென்னையில் இறங்கி, கிளாம்பாக்கம் சென்று பேருந்து பிடித்துக் கும்பகோணம் சேர்ந்தபோது மாலை 5 மணி. ஆக மொத்தம் 14 மணி நேரம். கடைசி 280 கிலோமீட்டரே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

அம்மா கண் திறந்து பார்த்தார். "எப்பப்பா கிளம்பினே? முந்தாநாளே உனக்குச் சொல்லிட்டாங்களா?" என்றார். அவருக்கும் ரயில் கணக்கு ஒன்றே தெரியும்.

"இல்லேம்மா, இன்னிக்குக் காலையிலேதான் கிளம்பினேன்."

"இன்னிக்கா! அப்போ டெல்லி ஒண்ணும் தூரமில்லே" என்று என் கையைப் பற்றிக்கொண்டார்.

வியாழன் விடியற்காலையில் அவர் மறைந்தார். நான் ஏறியிருக்கக்கூடிய வண்டி அவ்வேளையில் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அன்பர்களே, கோடை விடுமுறைக்கு இன்றும் ரயிலில்தான் செல்கிறோம். நருமதையையும் கிருஷ்ணையையும் குழந்தைகள் சன்னலோரம் அமர்ந்து பார்க்க வேண்டுமல்லவா? ஆனால் ஓர் அவசர இரவுக்கான கணக்கையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைப்பது நலம். விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை அன்று. நம் வாசலிலிருந்து அவர்கள் வாசல் வரை எழுதுங்கள்.

என் மனைவியின் பெற்றோர் மதுரையில் இருக்கின்றனர். ஒரு விமானச் சீட்டுக்குரிய தொகையை அஞ்சலகச் சேமிப்பில் இப்போது தனியே வைத்திருக்கிறேன்.