பெயரில் நின்ற காடுகள்

மார்கழி மாதத்து விடியற்காலையில், வாகனங்களின் இரைச்சல் இன்னும் முழுவதும் எழும்பாத வேளையில், ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையை விட்டு விலகிப் பருத்திப்பட்டு ஏரியின் கரைமேல் ஏறுகிறவனை முதலில் வந்து தொடுவது ஈரக்காற்று. அதன் பிறகே மூடுபனிக்குள்ளிருந்து நீர்ப்பரப்பும், நீரின் நடுவே பறவைகளுக்கென்று விடப்பட்ட மண்திட்டுகளும், அத்திட்டுகளின் மரங்களில் சிறகு ஒடுக்கி அமர்ந்திருக்கும் கொக்குகளும் ஒவ்வொன்றாகத் தெளிவுபெறுகின்றன. அறுபது பிராயத்தைக் கடந்த பின் முழங்கால்கள் படிகளை வெறுக்கத் தொடங்கிய எனக்கு, மேடும் பள்ளமும் இல்லாத இந்தக் கரை கிடைத்தது பெரிய பாக்கியம் என்றே சொல்லவேண்டும்.

ஏறத்தாழ 87 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரி, வயல்கள் இருந்த நாளில் வயல்களுக்காக வாழ்ந்தது. வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, வீடுகளின் கழிவுநீர் மழைநீரின் இடத்தைப் பிடித்துக்கொண்ட காலத்தில் அது சீரழிந்தது. பின்னர் இருபத்தெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுச் சீரமைக்கப்பெற்று, 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுமார் மூன்று கிலோமீட்டர் நடைபாதை. சாவகாசமாக நடப்பவருக்கு ஒரு மணி நேரம்; நடுநடுவே நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் பார்த்து நிற்பவருக்கு ஒன்றரை மணி நேரம்.

இந்தப் பாதையில் நான் தினந்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவரும் நான்கு வயதுப் பேரனும் கைகோத்து வருவார்கள். கிழவரின் கால்கள் எவ்வளவு மெல்ல நகருமோ அவ்வளவு மெல்லவே, ஒவ்வொரு கூழாங்கல்லையும் பொறுக்கிப் பார்க்கும் குழந்தையின் கால்களும் நகர்வதால், இருவருள் எவரும் மற்றவருக்காகக் காத்திருப்பதில்லை. மலையேறும் வீரனுக்கு உலகெங்கும் சிகரங்கள் இருக்கின்றன. கிழவனும் குழந்தையும் கர்ப்பிணியும், ஊன்றுகோல் ஊன்றியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும், இயற்கையின் சந்நிதிக்கு வந்து சேர ஓர் எளிய பாதை வேண்டும். அப்படியொரு பாதை இல்லாத நாட்டில் காடு என்பது பலசாலிகளின் சொத்தாகிவிடும்.

நடக்கும்போது கால்கள் ஒரு பக்கம் போக, மனம் இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்களின் பக்கம் போய்விடும். ஏரிக்குத் தென்கிழக்கே திருவேற்காடு. வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் வந்த பெயர், வேதபுரீசுவரர் கோயிலின் தலவிருட்சமும் வெள்வேல மரமே. பூவிருந்தவல்லிக்கு அப்பால் மாங்காடு. மேற்கே ரயில்பாதையோடு வெகுதூரம் போனால் திருவாலங்காடு. வடகிழக்கே, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில், திருமுல்லைவாயில். நாம் இன்று பேருந்தின் நெற்றியில் படித்துவிட்டு ஏறும் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் மனிதர்கள் நடந்து கடந்த வனங்களின் பெயர்கள். மரங்கள் போன பின்னும் சொற்கள் போகாமல் நின்றுவிட்டன.

இவற்றுள் திருமுல்லைவாயிலின் தலவரலாறு என் மனத்தை விட்டு அகலாதது. தொண்டைமான் படையோடு இவ்வழியே வந்தபோது அவன் ஏறியிருந்த யானையின் கால்களை முல்லைக்கொடிகள் பின்னிப் பிடித்துக்கொண்டன என்றும், அவன் வாளால் கொடிகளை வெட்ட, அவற்றின் அடியிலிருந்த லிங்கத்தின்மேல் வெட்டுப்பட்டு இரத்தம் பெருகிற்று என்றும், பதறிய மன்னன் அங்கேயே கோயில் எழுப்பினான் என்றும் சொல்வார்கள். அக்கோயிலின் மாசிலாமணீசுவரர் சந்நிதியின் முன்னே இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. தெருவோரத்தில் இடுப்பளவுப் புதராக மட்டுமே நாம் காணும் எருக்கு, தூணாகும் அளவுக்குப் பருத்து வளர்ந்திருந்தது என்பதை அவை சொல்லுகின்றன. கொடியை வெட்டிய இடத்தில் இரத்தம் கசிந்தது என்ற கதையை நம் முன்னோர் வெறும் அற்புதமாகவா சொல்லிவைத்தார்கள்? ஆராயாமல் காட்டின்மேல் ஓங்கிய வாள் தெய்வத்தின்மேல் விழுந்த வாளே என்ற எச்சரிக்கையாகவே அது என் காதில் விழுகிறது.

காடும் அதைச் சார்ந்த இடமும் முல்லைத்திணை என்று வகுத்த தமிழர் மனத்தில் இருந்தது, யானையும் புலியும் உலவும் மலைக்காடு அன்று. அது குறிஞ்சியின் பாற்பட்டது. முல்லையின் காடு மேய்ச்சற்காடு, ஆயர் கன்றுகாலிகளோடு காலையில் சென்று மாலையில் மீளும் காடு, செம்மண்ணில் புதர்களும் குறுமரங்களும் செறிந்த நடக்கத்தக்க காடு. சோழமண்டலக் கரையோரச் சமவெளியில் இயற்கையாக வளர்வதும் இத்தகைய குறுங்காடே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டின் பெரும்பகுதி வெயிலைத் தாங்கி, ஆயினும் இலை முழுவதும் உதிராமல் பசுமை காக்கும் அரிய ஸ்வபாவம் அதற்கு உண்டு. களாவும் காரையும் சூரையும் விராலியும் அதன் புதர்கள். உலக்கைப்பாலையும் வீரையும் அதன் மரங்கள். மாயோனின் நிறத்துக்கு உவமையாகப் புலவர்கள் எடுத்தாண்ட காயாம்பூ அதன் ஆபரணம். கிளைகளை ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் பூத்து நிற்கும் காயாவை ஒருமுறை நேரில் கண்டவன், அந்த உவமையை அதற்குமேல் நூலில் தேடவேண்டியதில்லை.

சென்னை நகருக்குள்ளேயே கிண்டியில் இந்தக் காட்டின் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. 1910ஆம் ஆண்டு ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு சுமார் 505 ஹெக்டேர். கல்வி நிலையத்துக்கும் நினைவு மண்டபங்களுக்கும் பகுதி பகுதியாகப் பிரிந்தபின் எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. தெற்கே நன்மங்கலத்தில் சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காட்டில், கல்குவாரியின் பாறை இடுக்குகளைக் கொம்பன் ஆந்தை இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது. ஆனால் மேற்குப் பகுதியில், காடென்றே பெயர் தாங்கிய ஊர்களின் நடுவில், நமக்கு மிஞ்சியவை ஏரிக்கரைகள்தாம்.

ஒரு நாள் கரையோரத்துக் கல்லிருக்கையில் என் அருகே வந்து அமர்ந்த மூதாட்டி ஒருத்தி, புல்வெளியையும் அலங்காரச் செடிகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே பேசத் தொடங்கினாள். "இந்தக் கரை பூராவும் அப்போ சூரைமுள்ளும் சப்பாத்தியுமா கெடந்துச்சிங்க ஐயா. மாடு ஓட்டிக்கினு வரும்போது சூரைப்பழம் பறிச்சித் தின்னுவோம்; நாக்கு புளிச்சிப் போவும். இப்போ வந்து பாத்தா சுத்தமா அழகாத்தான் இருக்கு. ஆனா என் பேத்திக்கு அந்தப் பழம் இன்னான்னே தெரியலிங்க." அவள் குறைகூறவில்லை, சுத்தமாக இருக்கிறது என்று மனமாரச் சொன்னாள். ஆயினும் அந்தக் கடைசி வாக்கியம் அன்று முழுவதும் என் கூடவே வந்தது. நமக்கு நடக்கப் பாதை கிடைத்திருக்கிறது. பாதையோரத்தில் நம்மை அடையாளம் கண்டு அழைக்க வேண்டிய செடி இல்லை.

புதர்நிலத்தைப் பயனற்ற தரிசு என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் லூனெபர்க் என்னும் ஊரை ஒட்டி ஒரு பெரும் புதர்வெளி இருக்கிறது. மணற்பாங்கான, வேளாண்மைக்கு உதவாத நிலம். ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஹீதர் என்னும் குறுஞ்செடி பூத்து அடிவானம் வரை ஊதாநிறம் போர்த்துகிறது. அந்நிலத்தின் முக்கியப் பகுதியை 1921லேயே இயற்கைக் காப்பகமாக்கி, அதன் நடுவிலுள்ள வில்சேடே என்னும் சிற்றூருக்கு நடந்தோ சைக்கிளிலோ குதிரை வண்டியிலோதான் மக்கள் வரவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இன்னும் வியப்பு, அந்தப் புதர்வெளியைக் காப்பவை செம்மறியாட்டு மந்தைகள். அவை மேய்ந்து மரக்கன்றுகளை அடக்காவிட்டால் சில பத்தாண்டுகளில் வெளி மறைந்துவிடும். மேய்ப்பனும் மந்தையும் சேர்ந்து ஒரு நிலத்தின் அழகை நிலைநிறுத்துவதைக் கேட்கும்போது, நமது முல்லை நிலத்து ஆயர்களின் ஞாபகம் எவருக்குத்தான் வராது?

நடக்கும் உரிமையும் தானாக வந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கௌட் என்ற புதர்மேட்டைப் பிரபுக்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தபோது, மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் 1932 ஏப்ரல் 24ஆம் நாள் அத்துமீறி அதன்மேல் நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் பொதுப் பாதைகளுக்கும் வழிசெய்யும் சட்டம் 1949இல் அங்கே வந்தது. 1951இல் அந்த மேடு அடங்கிய பிரதேசமே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. ஆறு நாளும் ஆலைப்புகையில் உழைத்தவன் ஏழாம் நாளில் திறந்த வெளியில் நடக்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்ட வரம். தொழிற்சாலைகள் சூழ்ந்த அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் அந்த வரம் சற்றும் குறையாமல் வேண்டியதாக இருக்கிறது.

நடை நமக்குப் புதிதா? திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் தூரம் மலையை வலம்வரும் இலட்சக்கணக்கானோர், மலைமேல் ஏறாமலே, அடிவாரத்துச் சமதளப் பாதையில் நடந்தே மலையை வணங்கித் திரும்புகிறார்கள். உச்சியை மிதிக்காமல் சுற்றி வருவதே மரியாதை என்று கண்ட ஜனங்கள் நாம். ஏரியைச் சுற்றி வரும்போதும் அதே பாவனை எனக்குள் எழுகிறது: நீரும் பறவையும் நடுவில் இருக்கின்றன, நாம் ஓரத்தில், அவற்றுக்கு இடையூறின்றி, பிரதட்சிணமாக வருகிறோம்.

ஆகவே இந்தச் சுற்றுவட்டாரத்து மக்களிடமும், நீர்நிலைகளைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவர்களிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். எத்தனை ஏரிகளைச் சீரமைத்தாலும், ஒவ்வொன்றின் கரையிலும் ஒரு மூலையையாவது கத்தரிக்காமலும் புல் பதிக்காமலும் குறுங்காடாக விடுங்கள். அங்கே களாவையும் காரையையும் சூரையையும் நொச்சியையும் காயாவையும் நட்டு, அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதி வையுங்கள். வேற்காட்டில் வேலும் முல்லைவாயிலில் முல்லையும் கண்ணுக்குத் தெரியும்படி வளரட்டும். வாசகரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியலில் உங்கள் வீட்டுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்து அருகிலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு செடியின் பெயரைச் சொல்லிக்கொடுத்துத் திரும்புங்கள். பெயரில் நின்ற காடு மண்ணுக்குத் திரும்ப வேறு பாதை இல்லை.