பில்லில் தமிழ் வருமா?

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. நடவு வேலை முடித்து வந்த ஒரு அம்மா, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "பாய், இதுல பருப்பு எது, எண்ணெய் எது?" பில் முழுக்க ஆங்கில எழுத்து. காசு கொடுத்தவருக்கே கணக்கு புரியவில்லை.

கடைக்காரரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். "தமிழ்லயே போட்டுடலாம் அத்தா" என்று உட்கார்ந்தான்.

பில் பிரிண்டருக்கு ரா டேட்டாவாக, அதாவது வெறும் எண்களாக, அனுப்பினால் போதும். எப்சன் கொண்டுவந்த கட்டளை முறையைத்தான் பெரும்பாலான பில் பிரிண்டர்கள் பேசுகின்றன. 27, 64 என்று அனுப்பினால் புதிதாகத் தொடங்கும். 27, 112 என்று தொடங்கும் கட்டளை கல்லாப்பெட்டியைத் திறக்கும். 16, 4, 4 என்று கேட்டால் காகிதம் இருக்கிறதா என்று பிரிண்டரே ஒரு எண்ணில் பதில் சொல்லும். 18 வந்தால் காகிதம் இருக்கிறது என்று அர்த்தம்!

பையன் உற்சாகமாக 'அ' அனுப்பினான். வந்ததோ ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு மேற்கோள் குறி, தலையில் கோடு போட்ட ஒரு ஆங்கில 'ஏ'. காரணம் இதுதான். யுனிகோடை யுடிஎஃப்-8 முறையில் அனுப்பும்போது 'அ' என்பது 224, 174, 133 என மூன்று எண்கள். பிரிண்டரோ ஒரு எண்ணுக்கு ஒரு எழுத்து என்று தன்னிடம் உள்ள 437 என்ற அட்டவணையைப் பார்த்து அடித்துவிட்டது. அதில் தமிழே இல்லை. இருந்தாலும் 'கொ' போல இரண்டு பக்கமும் கொம்பும் காலும் வரும் எழுத்தை அதற்குச் சேர்க்கத் தெரியாது.

வழி ஒன்று உண்டு. தமிழ் வரியைக் கணினியிலேயே படமாக வரைந்து, 29, 118, 48 என்ற கட்டளையோடு புள்ளிகளாக அனுப்ப வேண்டும். இரண்டு அங்குல பிரிண்டரில் ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள், அதாவது 48 பைட். 24 புள்ளி உயரத்துக்கு 1152 பைட். ஆங்கிலத்தில் அதே வரி 32 எழுத்து, 32 பைட்தான். தமிழுக்கு 36 மடங்கு! ஆனால் இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. யாராவது மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே அம்மா வந்தார். தமிழ் பில்லை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"தம்பி, உளுந்து ரெண்டு தடவ போட்டிருக்கு பாரு."

பாய் பார்த்தார். ஆமாம், இரண்டு தடவைதான். சிரித்துக்கொண்டே மீதிக் காசை எடுத்துக் கொடுத்தார்.

பில் என்பது அதற்குத்தானே!