சுழிப்பிழையும் வாணிக ஆங்கிலமும்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் தம் தாய்மொழியை வாயிற்படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும் என்று கூறுவோர் பலர். "ஆங்கிலத்திலேயே எண்ணு, ஆங்கிலத்திலேயே பேசு" என்பது பள்ளி நாள் தொட்டு நம் காதில் ஓதப்பட்டு வரும் மந்திரம். தமிழ்வழியில் படித்துவிட்டு இப்பல்கலைக்கழகத்திற்கு வரும் நம் இளைய நண்பர்கள் இம்மந்திரத்திற்கு அஞ்சி வாய் திறவாமலே முதல் ஆண்டைக் கழித்துவிடுகின்றனர். அம்மந்திரம் எத்துணை உண்மை என்பதை ஆராயும் வாய்ப்பு எனக்கு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. கடந்த ஓராண்டாக ருஷ்ய நண்பர் ஒருவர்க்குச் சனிக்கிழமை தோறும் வாணிக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதன் வழியே நான் அறிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

திருவனந்தபுரத்தில் ருஷ்யரா என்று வியக்க வேண்டியதில்லை. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணில் ஏறியது. 1970 டிசம்பர் முதல் சோவியத் நாட்டின் எம்-100 ராக்கெட்டுகள், மேல் வளிமண்டலத்தின் காற்றையும் வெப்பநிலையையும் அளப்பதற்காக அங்கிருந்து வாரந்தோறும் ஏவப்பட்டு வந்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. ஆயினும் உறவு கலையவில்லை. ருஷ்ய மொழி கற்பிக்கும் பண்பாட்டு மையம் இந்நகரில் உண்டு. குளிர்காலம் வந்தால் கோவளத்துக் கடைகளில் ருஷ்ய எழுத்துப் பலகைகளைக் காணலாம். என் நண்பரும் அவ்வாறு வந்தவரே. ஆயுர்வேத சிகிச்சைக்கு வரும் ருஷ்யக் குழுக்களுக்குத் தங்குமிடமும் வண்டியும் ஏற்பாடு செய்து தருவது அவர் தொழில். விடுதிக்காரரோடும் வண்டிக்காரரோடும் அவருக்கு உள்ள ஒரே பாலம் ஆங்கிலம். அப்பாலத்தில் ஒரு பலகை உடைந்தாலும் பணம் ஆற்றோடு போய்விடும்.

போகவும் செய்தது. சென்ற ஆண்டு ஒரு விடுதியில் அவருடைய விருந்தினர் ஐந்து அறைகளில் தங்கியிருந்தனர். ஜனவரி 5-இல் அவர்கள் புறப்பட வேண்டும். மேலும் ஐந்து நாள் தங்க விரும்பவே, நண்பர் விடுதிக்குக் கடிதம் எழுதினார். "10-ஆம் தேதி வரை அறைகள் வேண்டும்" என்பது அவர் கருத்து. அவர் எழுதியதோ "பை" என்னும் சொல்லை இட்டு. ஆங்கிலத்தில் அதன் பொருள் "10-ஆம் தேதிக்குள் வேண்டும்" என்பது. விடுதியார், 10-ஆம் தேதிதானே வேண்டும் என்று கருதி, 5-ஆம் தேதியே அறைகளைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டனர். விருந்தினர் பெட்டியும் கையுமாக வெளியே நின்றனர். கூடுதல் வாடகைக்கு வேறிடம் பிடித்து, அந்த வேறுபாட்டை நண்பர் தம் கைப்பொருளிலிருந்து கட்டினார். அதன் பிறகே ஆங்கிலம் கற்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

இப்பிழை அறியாமையால் நேர்ந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், "ஏன் இந்தப் பிழை, ஏன் வேறு பிழை இல்லை?" என்று கேட்பதன்றோ அறிவியல் மாணவன் கடமை? ருஷ்ய மொழியில் "தோ" என்றொரு முன்னிடைச்சொல் உண்டு. "வெள்ளிக்கிழமை வரை" என்பதற்கும் அதுவே. "வெள்ளிக்கிழமைக்குள்" என்பதற்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஆங்கிலமோ முன்னதற்கு "அன்டில்" என்றும் பின்னதற்கு "பை" என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. நம் தமிழும் "வரை" என்றும் "உள்" என்றும் பிரிக்கிறது. ஆகவே இவ்விடத்தில் தமிழன் இடறுவதில்லை, ருஷ்யர் இடறுகிறார்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் செய்வது என்ன? கம்பியின் தடிமனை அளப்பதற்கு முன் அதன் சுழிப்பிழையைக் காண்கிறோம். சுழிப்பிழை உள்ள கருவியை யாரும் குப்பையில் எறிவதில்லை. பிழை எவ்வளவு, எத்திசையில் என்று குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அளவீட்டிலும் அதைத் திருத்திக்கொள்கிறோம். தாய்மொழியும் அத்தகைய கருவியே. ருஷ்யர்க்கு ஒரு சுழிப்பிழை, தமிழர்க்கு ஒரு சுழிப்பிழை. அதை அறியாதவன் ஆயிரம் முறை அளந்தாலும் ஒரே பிழையைத்தான் ஆயிரம் முறை பெறுவான்.

வியப்பு என்னவெனில், எங்கள் இருவர் கருவிகளிலும் பல சுழிப்பிழைகள் ஒன்றாகவே இருந்தன. "நான் மாணவன்" என்கிறோம். இடையில் வினைச்சொல் இல்லை. ருஷ்யரும் நிகழ்காலத்தில் அப்படியே வினையின்றிச் சொல்கின்றனர். ஆதலால் ஆங்கிலத்தின் "ஆம்", "ஈஸ்", "ஆர்" என்பவை எங்கள் இருவர் எழுத்திலும் நழுவப் பார்க்கும். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்க்கு ஆறு. பெயரின் வால் மாறியே பொருள் மாறும் மொழியில் வளர்ந்தவர்க்கு, சொல் நிற்கும் இடத்தாலேயே பொருளைக் காட்டும் ஆங்கிலம் சற்று வறண்டதாகத்தான் தோன்றும். அவர் பெயரோடு தந்தை பெயர் ஒட்டி வருகிறது. நம் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து நிற்கிறது. விண்ணப்பத் தாளில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தைக் கண்டு நாம் விழிக்கிறோம். தந்தை பெயரை எங்கே இடுவது என்று அவர் விழிக்கிறார்.

"ஏ", "தி" என்னும் இரு சிறு சொற்களே எல்லாவற்றிலும் பெரிய இடர். ருஷ்ய மொழியில் அவை இல்லை. தமிழிலும் "தி" என்பதற்கு நேர்ச்சொல் இல்லை. அப்படியாயின் அக்கருத்தே நம்மிடம் இல்லையா? "பட்டியல் அனுப்புங்கள்" என்பதையும் "பட்டியலை அனுப்புங்கள்" என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது ஏதோ ஒரு பட்டியல். பின்னது நாம் இருவரும் முன்பே பேசிய பட்டியல். ஆங்கிலேயன் "தி" என்று தனிச்சொல்லாகச் சொல்வதை, இவ்விடத்தில் நம் இரண்டாம் வேற்றுமை "ஐ" உருபு ஓசையின்றிச் செய்துவிடுகிறது. ருஷ்யர் அதைச் சொல்வரிசையால் செய்கின்றனர். "ரயில் வந்தது" என்று ரயிலை முன்னே வைத்தால், நாம் எதிர்பார்த்திருந்த அந்த ரயில். "வந்தது ரயில்" என்று பின்னே வைத்தால், ஏதோ ஒரு ரயில். இதை நண்பருக்கு விளக்கியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாள் இல்லாத ஒன்றைக் கற்கிறேன் என்று நினைத்தேன். இருப்பதை வேறு பையிலிருந்து எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதானே?" என்றார். அன்று முதல் அவருடைய கடிதங்களில் "தி" பெரும்பாலும் உரிய இடத்தில் அமர்ந்துவிட்டது.

அடுத்தது மரியாதை. நமக்கு "நீ", "நீங்கள்" இரண்டும் உண்டு. ருஷ்யர்க்கும் அவ்வாறே இரு சொற்கள் உள்ளன. மரியாதைச் சொல்லை இட்டு "அனுப்புங்கள்" என்று ஏவினால் அங்கே யாரும் சினங்கொள்ளார். ஆங்கிலத்தில் எல்லார்க்கும் ஒரே "யூ". ஆதலின் மரியாதை வினைச்சொல்லுக்குள் சென்று குடியேறிவிட்டது. "கேன்" என்பதைக் "குட்" ஆக்கி, "வில்" என்பதை "வுட்" ஆக்கிக் கேட்பதே அங்கே "நீங்கள்" என்பதற்கு ஈடு. நண்பர் எழுதிய "யூ மஸ்ட் ஸெண்ட்" என்ற தொடரைப் படித்த வண்டிக்காரர் முகம் சுளித்தாராம். பணிவான மனிதர் அவர். அவருடைய பணிவு ருஷ்ய மொழியிலேயே தங்கிவிட்டது.

சொற்களிலும் பொய்ந்நண்பர்கள் உண்டு. ருஷ்ய மொழியில் "மகஸீன்" என்றால் கடை, ஆங்கிலத்தில் இதழ். "ஃபமீலியா" என்றால் குடும்பப் பெயர், குடும்பமன்று. "அக்துவால்னி" என்றால் இன்றைய நிலைக்குப் பொருந்துவது. அதை நம்பி "ஆக்சுவல் விலை" என்று எழுதினால் "உண்மை விலை" என்றாகி, முன்பு சொன்னது பொய் விலையோ என்ற ஐயம் பிறக்கும். எல்லாவற்றிலும் பொல்லாதது "தெகாதா". அது பத்து நாள். ஆங்கில "டெகேட்" பத்து ஆண்டு! மார்ச் மாதத்தின் முதல் தெகாதாவில் பணம் தருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் எந்த வணிகர் காத்திருப்பார்?

இவ்வூருக்குக் குடிவந்த தமிழர்க்கு இது புதிதன்று. "சம்சாரம்" என்றால் இங்கே பேச்சு, நமக்கு மனைவி. "அவசரம்" என்றால் இங்கே வாய்ப்பு, நமக்கு விரைவு. "வெள்ளம்" கேட்டால் குடிக்கக் கொடுப்பார்கள். நமக்கோ ஊரை அடித்துச் செல்வது. மலையாளத்தை இவ்வாறு தட்டுத் தடுமாறிக் கற்ற நாம், ருஷ்யரின் தடுமாற்றத்தைக் கண்டு நகைக்கலாகாது.

சொற்கள் நாடு கடந்து வணிகத்தோடு செல்பவை. நமக்குப் "பாக்கி", "வசூல்", "ரசீது" ஆகியவை அரபு, பாரசீகம் வழியே வந்தன. ருஷ்யர்க்குக் கணக்கரைக் குறிக்கும் சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. நம் "கஜானா"வும் அவர்களுடைய கருவூலச் சொல்லான "கஸ்னா"வும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. இதைக் கண்டபோது நாங்கள் இருவரும் தூரத்து உறவினரைக் கண்டாற்போல மகிழ்ந்தோம்.

இவ்வழியில் எங்களுக்கு முன்னோடியும் உண்டு. கெராசிம் லெபெதெவ் என்னும் ருஷ்ய இசைஞர் 1785-இல் சென்னைக்கு வந்து, இரண்டாண்டு தங்கித் தமிழ் பயின்றார். 1787-இல் கல்கத்தா சென்று வங்காளம் கற்று, 1795-இல் அங்கே வங்காள மொழியில் நாடகம் நடத்தினார். பின்னர் 1801-இல் லண்டனில், இந்திய வழக்கு மொழிகளுக்கு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். ருஷ்யர் ஒருவர் இந்திய மொழியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அது. ருஷ்யமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே மனிதருக்குள் கூடியிருந்து வேலை செய்தது இன்று நேற்றைய செய்தியன்று.

எந்த ஆங்கிலத்தைக் கற்பிப்பது என்பதும் ஒரு கேள்வி. நண்பருக்கு இங்குள்ள அலுவலகம் ஒன்றிலிருந்து "டூ தி நீட்ஃபுல்" என்று கடிதம் வந்தது. லண்டனில் அச்சிட்ட பாடநூலில் அத்தொடரைக் காணாமல் என்னிடம் கொணர்ந்தார். "ஆவன செய்க" என்னும் நம் அலுவலகத் தமிழுக்கு நேரான ஆங்கிலம் அது என்றேன். "அந்த ஆவன எது?" என்று கேட்டார். நல்ல கேள்வி! எழுதியவருக்கும் தெரிந்திருக்குமோ, என்னவோ. "ஒரு லட்சம்" என்பதை 1,00,000 என்று நாம் காற்புள்ளி இடுவதும் அவருக்குப் புதிர். ருஷ்யாவில் காற்புள்ளி தசமப் புள்ளியின் வேலையைச் செய்கிறது. ஆகையால் விலையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

சொற்களை எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சாலைக் கடைத்தெருவில் மளிகை வாணிகம் செய்யும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் தெளிவாக்கினார். தமிழும் மலையாளமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலக் கடிதமும் தாமே எழுதுவார். "இங்கிலீஷ்ல எனக்கு நாப்பது சொல்லுதான் தெரியும் தம்பி. ஆனா நாப்பதும் சரக்கோட ஒட்டுன சொல்லு. ஒண்ணு தப்புனா காசு போயிரும்லா?" என்றார். அன்று நண்பருடைய தடித்த சொற்பட்டியலை மூடிவிட்டு, அவர் கையிலிருந்த பழைய கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டோம். தேதி, அறை, முன்பணம், தாமதம், திருப்பித் தருதல், மன்னிப்பு ஆகிய ஆறு பொருள்களில் அவருக்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் அடங்கிவிட்டன. இவ்வாண்டு விடுதிகளுக்கு அவரே கடிதம் எழுதுகிறார். "வரை" வேண்டிய இடத்தில் "வரை"யே வருகிறது.

நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். தமிழ்வழியில் பயின்று வந்த இளைய மாணவர்க்கு வாரம் ஒரு மணி நேரம், தமிழைக்கொண்டே ஆங்கிலக் கடிதம் எழுதப் பயிற்சி தருவோம். முதல் வாரம் "ஐ" உருபிலிருந்து "தி". இரண்டாம் வாரம் "நீங்கள்" என்பதிலிருந்து "குட்", "வுட்". மூன்றாம் வாரம் "மாணவன்" என்பதற்குப் பின் மறைந்து நிற்கும் "ஆம்". வேலைக்கு விண்ணப்பம், ஆய்வகத்திற்குக் கருவி கேட்டுக் கடிதம், உதவித்தொகை வராமைக்கு நினைவூட்டு ஆகிய மூன்றும் பிழையின்றி எழுதத் தெரிந்தால் பாதி அச்சம் நீங்கும். சனிக்கிழமை மாலை எனக்கு வேலை உண்டு. மற்ற எந்த மாலையானாலும் பாடம் சொல்ல நான் வருகிறேன்.