உப்பு கேட்டு வந்தவள்

மாசி மகத்தன்று பகல். பட்டினச்சேரிக் கடற்கரையில் மணல் சுடத் தொடங்கியிருந்தது. திருக்கண்ணபுரத்திலிருந்து வந்த சௌரிராஜப் பெருமாளைத் தோளில் சுமந்துகொண்டு மீனவர்கள் அலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெருமாளின் தேவி பத்மினி நாச்சியார் மீனவர் குலத்துப் பெண் என்பது இந்தக் கரையின் நம்பிக்கை. அதனால் பெருமாள் இவர்களுக்கு மாப்பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறை மாமனார் ஊருக்கு வருகிறவரைக் கடலாட்டி அனுப்பும் உரிமை இவர்களுடையது. சுமப்பவர்களின் முதுகில் வேர்வை ஓடை ஓடையாக இறங்கியது. ஓரமாக நின்ற எனக்கும் அப்படித்தான்.

அப்போது என் இடது முன்கையில் ஏதோ மெல்ல நக்கியது. கொசு என்று கையை ஓங்கிவிட்டேன். குத்தல் இல்லையே என்ற ஒரு நொடித் தயக்கத்தில் கை நின்றது. அரிசியில் பாதி அளவு. கறுப்பு உடல். வெயில் பட்டபோது முதுகில் பச்சையா வெண்கலமா என்று சொல்ல முடியாத ஒரு மினுக்கம். கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். குட்டையான நாக்கை நீட்டி, ஒரு வேர்வைத் துளியின் ஓரத்தை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. கொசுவும் இல்லை, ஈயும் இல்லை. நான்கு சிறகுள்ள, பின்னங்காலில் மகரந்தம் அள்ளும் மயிருள்ள, அசல் தேனீ.

நான் கோத்தகிரிக்காரன். எங்கள் ஊரில் மாசியிலும் காலையில் ஸ்வெட்டர் போடுவோம். வேர்த்து நிற்பது எங்களுக்கு அபூர்வம். வியர்வைத் தேனீ என்ற பெயரைப் புத்தகத்தில் படித்து வைத்திருந்தேனே தவிர, அது என்னைத் தேடி வந்து உட்கார்ந்ததில்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் இரவுப் பேருந்து பிடித்து, விடியலில் நாகூரில் இறங்கி, வாஞ்சூர் எல்லையைத் தாண்டித் திருமலைராயன்பட்டினம் வந்தது திருவிழா பார்க்கத்தான். அந்த நக்கலுக்குப் பிறகு மூன்று நாள் தங்கிவிட்டேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் கையை நீட்டியபடி சிலை மாதிரி நிற்பதைக் கவனித்திருக்கிறார். கூப்பிட்டார்.

“என்ன தம்பி, கையில என்ன?”

“தேனீ, ஐயா.”

அவர் எட்டிப் பார்த்தார். “இதுவா? இது ஒண்ணும் பண்ணாது. வேர்வைக்கு வரும். வலை இழுத்துட்டு உட்கார்ந்தா காதோரம், கழுத்தோரம் வந்து நக்கும். தேனீன்னா சொல்றீங்க?”

“இதற்கு என்ன பேர் சொல்வீர்கள்?”

யோசித்தார். “பேரா? பூச்சின்னுதான் சொல்லுவோம்.”

அந்தப் பதில் என்னை விடவில்லை. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று தமிழில் தேன் தருகிற ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தேனீ என்ற சொல்லுக்குள்ளேயே தேன் உட்கார்ந்திருக்கிறது. இவளோ தேன் சேர்ப்பதில்லை. அதனால் பெயரில்லாமல் போய்விட்டாள். அறிவியல் இவளுடைய குடும்பத்துக்கு ஹாலிக்டிடே என்று பெயர் வைத்திருக்கிறது. உலகத்தில் இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 4,500 வகைகள். தேன்கூடு கட்டும் ஏப்பிஸ் பேரினத்தில் ஒரு டஜன்கூடத் தேறாது. உலகின் பாலூட்டிகள் எல்லாவற்றையும் கூட்டினாலே சுமார் 6,500 வகைகள்தான். இந்தக் குடும்பத்தின் லேசியோகுளோசம் என்ற ஒரே பேரினத்தில் 1,700க்கும் மேல் வகைகள் இருக்கின்றன. தேனீக்களில் இதைவிடப் பெரிய பேரினம் கிடையாது. என் கையில் உட்கார்ந்தவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்பது வரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும். வகையைச் சொல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும்.

ஏன் உப்பு? பூந்தேனில் சர்க்கரை உண்டு, பொட்டாசியம் உண்டு, சோடியம் மிகக் குறைவு. செடி தின்று வாழும் பெரும்பாலான உயிர்களுக்கு இந்தத் தட்டுப்பாடு இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் ஈரச் சேற்றில் மொய்ப்பதும் மாடு உப்புக்கட்டியை நக்குவதும் இதனால்தான். ஆனால் பட்டினச்சேரியில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. நூறடி தூரத்தில் வங்காள விரிகுடா முழுக்க உப்பு. அதை விட்டுவிட்டு என் கையைத் தேடி ஏன் வர வேண்டும்? கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வேர்வையில் அதில் சிறு பங்குதான். கடல் அவளுக்குக் கடுங்கரைசல், என் கை இளங்கஞ்சி. இது என் ஊகம். ஆனால் அலை தொட்ட ஈர மணலில் மூன்று நாளும் ஒரு தேனீயைக்கூட நான் பார்க்கவில்லை. மனிதர் இருந்த இடத்தில் எல்லாம் பார்த்தேன்.

வேர்வை கிடைக்காவிட்டால் கண்ணீர். 2019இல் தைவானில் உறவினர் கல்லறையைச் சுற்றிக் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கண் வீங்கிப்போனது. மருத்துவர் பார்த்தபோது இமைக்கடியில் நான்கு வியர்வைத் தேனீக்கள் கண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. நான்கையும் உயிரோடு வெளியே எடுத்தார். அந்தப் பெண் கண்ணைக் கசக்காமல் இருந்ததால்தான் பார்வை தப்பியது. நசுக்கினால் இவை கொட்டும். வெறுங்கையில் கொட்டினால் பயப்பட ஒன்றும் இல்லை. பூச்சிகள் கொட்டும் வலியை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்த ஜஸ்டின் ஷ்மிட் வியர்வைத் தேனீக்கு அடிப்படி ஒன்றைத்தான் கொடுத்தார்.

அடுத்த நாள் கூடு தேடினேன். கடற்கரையை விட்டு மேற்கே நடந்தால் கொஞ்ச தூரத்தில் வயல். சம்பா அறுவடை முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் மஞ்சளாகப் பூத்திருந்தன. வரப்பின் வெயில் படும் பக்கத்தில், புல் இல்லாத ஒரு சாண் மண்ணில், பேனா முனை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ரவை போலப் பொடி மண். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு ஓட்டையை உள்ளிருந்து ஒரு தலை அடைத்திருந்தது. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒருத்தி வந்து இறங்கியதும் தலை உள்ளே போனது. அவள் நுழைந்ததும் மறுபடி தலை வந்து கதவாக நின்றது.

இந்தக் காட்சியைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எனக்கு முன்பே படுத்துப் பார்த்திருக்கிறார். 1954 வரை பட்டினச்சேரி அடங்கிய இந்தக் காரைக்கால் பகுதி பிரான்சின் கையில் இருந்தது. அந்தப் பிரான்சின் தென்பகுதியில், செரிஞான் என்ற சிற்றூரில், ஜான் ஆன்ரி ஃபாபர் தன் தோட்டத்து மண்ணில் இதே குடும்பத் தேனீக்களைக் கவனித்தார். வாசலில் நிற்பது சிறகு கிழிந்த கிழவி, அந்த வளையைத் தோண்டிய தாய், இப்போது மகள்களுக்காகக் காவல் நிற்கிறாள் என்று எழுதினார். பட்டினச்சேரித் தெருவில் திரும்பி வரும்போது ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி முறத்தில் கருவாட்டைப் பரப்பி, காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஃபாபருக்குப் பிறகு கதை இந்தியாவுக்கு வருகிறது. எறும்பு, கறையான், தேனீ முதலியவற்றின் சமூக வாழ்வைக் குறிக்க உலகம் முழுவதும் இன்று வழங்கும் சொல் ‘யூசோஷியல்’. ஆப்பிரிக்க மண்ணுக்கடியில் வாழும் ரோமமில்லாத எலி வரை அந்தச் சொல் போயிருக்கிறது. அதைப் படைத்தவர் சூசன் பத்ரா. 1966இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் என்டமாலஜி’ இதழில் வந்த கட்டுரையில் அது முதலில் இடம்பெற்றது. கட்டுரையின் பொருள், இந்தியாவின் வியர்வைத் தேனீக்கள் கட்டும் கூடு. கூட்டைத் தொடங்கிய தாய் இறந்துவிடாமல், வளர்ந்த மகள்களோடு வேலையைப் பங்கிட்டு வாழ்வதைச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. நம் வரப்புப் பூச்சியைப் பார்த்துப் பிறந்த சொல் அது. நாமோ அந்தப் பூச்சிக்கே பெயர் வைக்கவில்லை. எனக்கு இது உண்மையில் வலித்தது.

இந்தக் குடும்பத்தை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் துரத்துவதற்குக் காரணம், தனியாக வாழ்வதற்கும் கூடி வாழ்வதற்கும் இடையிலுள்ள எல்லாப் படிகளையும் இவை ஒன்றாக வைத்திருப்பதுதான். ஒருத்தியே தோண்டி, ஒருத்தியே மகரந்தம் உருட்டி, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும் வகை உண்டு. ராணியும் வேலைக்காரியும் பிரிந்த வகை உண்டு. சிலவற்றில் ஒரே வகை இரண்டும் செய்யும். ஹாலிக்டஸ் ரூபிகண்டஸ் என்ற தேனீ குளிர்நாட்டில் தனி, வெப்பநாட்டில் கூட்டுக்குடும்பம். குளிர்ந்த வடபகுதியில் இருந்தவற்றை இங்கிலாந்தின் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். கோடை நீண்டதும் அவற்றில் சில மகள்களை வைத்துக் குடும்பம் நடத்தத் தொடங்கின. 2010இல் அந்த ஆய்வு வெளியானது.

எல்லா வாசலிலும் பாட்டி இருப்பதில்லை. இரண்டாம் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிறு செங்கல் நிறத்தில் சிவந்த, மயிரே இல்லாத ஒன்று தாழப் பறந்து மோப்பம் பிடித்தது. ஸ்பெகோட்ஸ். இதே குடும்பத்துக் குயில். மகரந்தம் சேர்க்காது. பிறர் கூட்டில் நுழைந்து, அங்குள்ள முட்டையை அழித்துவிட்டுத் தன் முட்டையை வைக்கும். நுழைந்தது. நான் கையை நீட்டவில்லை. நீட்ட வேண்டும் என்று தோன்றியது உண்மை.

வரப்புக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைத் தோண்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. படித்ததைச் சொல்கிறேன். செங்குத்தான ஒரு குழாய், பக்கங்களில் கிளையாக அறைகள். ஒவ்வொரு அறையின் சுவரையும் தாய் தன் வயிற்று நுனியில் உள்ள டூஃபோர் சுரப்பியின் கசிவால் பூசுகிறாள். உலர்ந்ததும் அது நீர் இறங்காத மெழுகுப் பூச்சு. உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்த ஓர் உருண்டை, அதன் மேல் வளைந்த ஒரு முட்டை. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும். அந்த நாட்டு மண்ணில் குடியிருக்க இந்தப் பூச்சு எவ்வளவு பெரிய சொத்து என்று அங்கே படுத்திருந்தபோதுதான் புரிந்தது. வரப்பைக் கடைசி விரற்கடை வரை செதுக்கி, களைக்கொல்லி அடித்து வைத்திருந்த பக்கத்து வயலில் ஓர் ஓட்டைகூட இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டூஷே என்ற பள்ளத்தாக்கில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்கே குதிரைமசால் விதைக்காக நோமியா மெலாண்டரி என்ற வியர்வைத் தேனீயை வளர்க்கிறார்கள். பெட்டியில் வைத்தல்ல, மண்ணில். உவர் நிலம் அதற்குப் பிடிக்கும் என்பதால் விவசாயிகள் தரையடியில் நீர் பாய்ச்சி, மேலே உப்பைத் தூவி, தேனீக்குப் படுக்கை போடுகிறார்கள். கோடிக்கு மேற்பட்ட தாய்த்தேனீக்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கூடு கட்டியதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவை பறக்கும் சாலையில் வண்டி மெதுவாகப் போகும்படி பலகை வைத்திருக்கிறார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். “உப்பு போட்டா வளக்குறாங்க? இங்க உப்புக்கு என்ன பஞ்சம்?” என்று வியந்தார்.

நோமியா இங்கேயும் உண்டு. பெரியவர் வீட்டுக் கொல்லையில் நான்கு கத்தரிச் செடி. கத்தரிப்பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் சுலபத்தில் கிடைக்காது, மகரந்தப்பையின் நுனியில் ஊசித்துளை மட்டும்தான். வயிற்றில் முத்துச்சிப்பி மினுக்கில் நீலப்பச்சைப் பட்டைகள் போட்ட தேனீ ஒன்று வந்து பூவைக் கட்டிப்பிடித்தது. சிறகை அசைக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரவிட்டது. பறக்கும்போது இருந்த ரீங்காரம் மாறி, உச்சத்தில் ஒரு சிணுங்கல். மகரந்தம் புகை போல அதன் வயிற்றில் கொட்டியது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெரியவர் மனைவி துடைப்பத்தோடு அருகில் நின்று, “காய்க்கிறதுக்கு இதுவா காரணம்?” என்று இரண்டு முறை கேட்டார்.

கடற்கரை மணலில் அடப்பங்கொடிப் பூக்களைச் சுற்றி வேறொரு பொடியன் கூட்டம். நான்கு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், மஞ்சள் கோடுகள். நோமியாய்டினே என்ற துணைக்குடும்பத்துச் சாயல். மணற்பாங்கான இடங்கள்தான் அவற்றுக்கு நாடு. அதில் சைலாலிக்டஸ் என்ற பேரினத்தின் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. பூவின் ஊதாக் கிண்ணத்துக்குள் அது நுழைந்தால், கோயில் மண்டபத்தில் நுழைந்த பிள்ளை மாதிரி தெரிந்தது.

கடைசி மாலை, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஒரு காய்ந்த புல் தாள். அதில் பதினான்கு ஆண் தேனீக்கள். ஆணுக்கு வீடு கிடையாது. கூடு பெண்ணுடையது. இரவானால் புல்லைத் தாடையால் கவ்விக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, காலைத் தொங்கவிட்டுத் தூங்குகின்றன. பெரியவரைக் கூட்டிவந்து டார்ச் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறேன் என்றார்.

விடியலில் நான் போனபோது அவர் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார். கடலிலிருந்து வெயில் ஏறியது. ஒன்று மீசையைத் தடவியது, வயிற்றைத் துடிக்கவிட்டது, பறந்தது. பின்னால் இன்னொன்று. பதின்மூன்று போய்விட்டன.

“ஒண்ணு மட்டும் இன்னும் தூங்குது தம்பி,” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.